பந்தாட்ட வீரர் பெயரில் ஒரு கட்டுரைப் பரிசு

பாடசாலைகளிலே ஆண்டுதோறும் நிகழும் வைபவங்களுள் பரிசளிப்பு விழாவே மாணவர் உள்ளத்தில் நெடுங்காலம் நிலைப்பது. மேடையிலே புத்தகங்கள் அடுக்கப்பட்டிருக்கும். பிரதம விருந்தினர் வீற்றிருப்பார். அதிபர் தம் அறிக்கையை வாசிப்பார். பின்னர் ஒவ்வொரு பெயராக அழைக்கப்படும். அப்பரிசுகளுட் பல மறைந்த பெரியார் ஒருவரின் பெயரைத் தாங்கியனவாக இருக்கும். கணிதத்தில் வல்லவராய் விளங்கியவரின் பெயராற் கணிதப் பரிசு. துடுப்பாட்டத்திற் புகழீட்டியவரின் பெயராற் சிறந்த துடுப்பாட்டக்காரருக்குக் கேடயம். யார் எத்துறையிற் சிறந்தாரோ அத்துறையிற் சிறப்போருக்கு அவர் பெயராற் பரிசு வழங்குதல் உலக வழக்கு. அது முறையுமாகும்.

இவ்வழக்கிற்கு முற்றும் மாறான பரிசொன்று 1997ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பாடசாலை மாணவர்க்கென ஏற்படுத்தப்பட்டது. அந்நாட்டவர் உயிரினும் மேலாகப் போற்றும் பேஸ்போல் ஆட்டத்திலே பெரும்புகழ் பெற்றவர் ஜாக்கி றொபின்சன். அவர் நினைவாகச் சிறுவர் சிறுமியர்க்கு ஏற்பட்ட அப்பரிசைப் பெறுதற்குப் பந்தை அடிக்கவும் வேண்டா, பிடிக்கவும் வேண்டா, ஓடவும் வேண்டா. கட்டுரையொன்று எழுதினாற் போதும். அக்கட்டுரை றொபின்சனின் ஆட்டத்திறனைப் புகழ்ந்துரைப்பதன்று. எழுதும் பிள்ளை தன் வாழ்வில் எதிர்ப்பட்ட தடையொன்றினை எவ்வாறு எதிர்கொண்டது என்பதைத் தன் சொல்லாலே கூறுவது.

ஆட்டக்காரர் ஒருவரின் நினைவு ஆடுகளத்தை விட்டு வகுப்பறைக்கு வந்தது ஏன்? மட்டையைப் பிடித்த கையின் புகழைப் பேனா பிடிக்கும் கையிடம் ஒப்புவித்தவர் யாவர்? இவற்றை ஆராயின், ஒருவர் பெயராற் பரிசு நிறுவுதல் என்பதன் உட்பொருளே நமக்கு விளங்கும்.

ஆட்டத்தின் இயல்பு

பேஸ்போல் நம்மவர்க்கு அதிகம் பழக்கமில்லாத ஆட்டமாதலின், அதனைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். ஓரணிக்கு 9 பேர். மைதானத்திலே சாய்ந்த சதுரம் போல நான்கு தளங்கள் அமைந்திருக்கும். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே தூரம் 90 அடி. எறிபவர் பந்தை நிலத்திற் படாதவாறு எறிவார். அடிப்பவர் உருண்டைத் தடியினால் அதனை அடித்துவிட்டு, முதலாந் தளம், இரண்டாந் தளம், மூன்றாந் தளம் எனச் சுற்றிவந்து, தாம் புறப்பட்ட மூலத்தளத்தை மீண்டும் அடைவாராயின் ஓர் ஓட்டம் கிடைக்கும். மூவர் ஆட்டமிழந்ததும் அவ்வணியின் முறை முடிந்துவிடும். இவ்வாறு ஒவ்வோரணிக்கும் 9 முறைகள்.

இவ்வாட்டத்திலே துடுப்பாட்டத்தில் இல்லாத ஒரு நுட்பம் உண்டு. எறிபவர் பந்தை எறிய முனையும் அற்ப நேரத்துள், தளத்தில் நிற்கும் ஓட்டக்காரர் எவரும் பந்தை அடிக்கும்வரை காத்திராது, அடுத்த தளத்துக்கு ஓடிவிடலாம். இதனைத் தளந்திருடுதல் என்பர். அதனுள்ளும் மூலத்தளத்தைத் திருடுதல் மிக அரிது. பந்து எங்கே வந்து சேருமோ அங்கே பந்தினும் முந்திச் சேர்தல் வேண்டும். றொபின்சன் தம் ஆட்டக்காலத்தில் இதனை 19 தடவை செய்தார். 1955ஆம் ஆண்டு இறுதித் தொடரின் முதலாட்டத்தில் அவ்வாறு ஓடியபோது அவருக்கு வயது 36. இளைஞரும் அஞ்சும் ஓட்டத்தை அவர் அவ்வயதில் ஓடினார். ஆயினும் பரிசு அந்த ஓட்டத்திற்கு ஏற்பட்டதன்று.

பதக்கமும் விளக்குமாறும்

ஜாக்கி றொபின்சன் 1919ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் ஜோர்ஜியா மாநிலத்துக் கெய்ரோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். மக்கள் ஐவருள் அவரே இளையவர். அவர் குழந்தையாய் இருந்தபோதே தந்தையார் குடும்பத்தை விட்டு நீங்கினார். தாயார் மலி, பிள்ளைகள் ஐவரையும் அழைத்துக்கொண்டு 1920இற் கலிபோர்ணியா மாநிலத்துப் பசடீனா நகருக்குச் சென்று, பிறர் வீடுகளில் வேலை செய்து அவர்களை வளர்த்தார்.

தமையனார் மத்தியூ சிறந்த ஓட்டக்காரர். 1936இற் பேர்லின் நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவில் 200 மீற்றர் ஓட்டத்திலே ஜெசி ஓவன்சுக்கு அடுத்தவராக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். நாடு திரும்பிய பின் அவருக்குப் பசடீனாவிலே கிடைத்த உத்தியோகம் யாது? தெருக்கூட்டும் வேலை. உலகத்தில் இரண்டாமவரென மதிக்கப்பட்ட வீரரின் கையிலே, அவர் கறுப்பினத்தவர் என்ற காரணத்தால், ஊரார் விளக்குமாற்றைக் கொடுத்தனர். பரிசு வேறு, மதிப்பு வேறு என்னும் கசப்பான பாடம் இளையவருக்கு வீட்டிலேயே கிடைத்தது.

இளையவர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலே பயின்றபோது, பேஸ்போல், கூடைப்பந்து, அமெரிக்க உதைபந்து, மெய்வல்லுநர் போட்டி ஆகிய நான்கிலும் பல்கலைக்கழகச் சின்னம் பெற்றார். நம் கல்லூரிகளிலே ‘கலர்ஸ்’ என வழங்குவதனை ஒத்தது இச்சின்னம். அப்பல்கலைக்கழகத்தில் நான்கு விளையாட்டுகளிலும் அதனைப் பெற்ற முதல்வர் அவரே. வியப்பு யாதெனில், அந்நான்கனுள் அவர் அங்கே மிகக் குறைவாகப் பிரகாசித்தது பேஸ்போலிலேதான். 1941இற் பட்டம் பெறாமலே அவர் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார்.

பின்னர் இராணுவத்திற் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தார். 1944ஆம் ஆண்டு யூலை மாதம் ரெக்சாஸ் மாநிலத்து ஹூட் முகாமிலே, பேருந்தின் பின்புறத்துக்குச் செல்லுமாறு சாரதி பணித்தபோது, அவர் எழுந்து செல்ல மறுத்தார். அதன் விளைவாக இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். இந்நிகழ்ச்சியை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். றொபின்சன் இயல்பாகவே பணிந்து போகும் மனிதர் அல்லர் என்பதற்கு இதுவே சான்று. அவர் பின்னர் காட்டிய பொறுமையின் விலை இதனை அறிந்தார்க்கே தெரியும்.

நிறத்தடை

அக்காலத்துப் பேஸ்போலின் பெருஞ் சங்கங்களிலே, 1884ஆம் ஆண்டுக்குப் பின்னர், கறுப்பினத்தவர் எவரும் ஆட இடம் பெறவில்லை. அவ்வாறு விலக்குதற்கு அச்சிட்ட சட்டம் இருந்ததென்று சொல்லுதற்கில்லை. எழுதாத வழக்கே சட்டத்தினும் வலிதாய் நின்றது. கறுப்பின ஆட்டக்காரர் தமக்கெனத் தனிச் சங்கங்கள் அமைத்து ஆடினர். றொபின்சனும் 1945இற் கன்சாஸ் சிற்றி மொனார்க்ஸ் என்னும் அத்தகைய அணியொன்றில் ஆடினார்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் புரூக்லின் டொட்ஜர்ஸ் அணியின் தலைவராகிய பிராஞ்ச் றிக்கி அவரைத் தம் காரியாலயத்துக்கு அழைத்தார். உரையாடல் ஏறக்குறைய மூன்று மணி நேரம் நீடித்தது. ஆட்டத்தைப் பற்றி றிக்கிக்கு ஐயமிருக்கவில்லை. எதிரணியார் ஏசுவர், காறி உமிழ்வர், பார்வையாளர் பழிப்பர், விடுதிக்காரர் இடந்தர மறுப்பர். அத்துணையும் நிகழும்போது கை ஓங்காது, வாய் திறவாது ஆடவல்லீரோ என்பதே அவர் கேட்டறிய விரும்பியது. ஒருமுறை கைகலப்பு நேரினும், கறுப்பினத்தவரைச் சேர்த்தது தவறென்று உலகம் கூறிவிடும் என்பது அவர் கருத்து. றொபின்சன் உடன்பட்டார்.

1946இல் மொன்றியல் நகரத்து அணியில் ஓராண்டு ஆடிய பின்னர், 1947ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள், 42 என்னும் இலக்கம் பொறித்த சட்டையணிந்து, புரூக்லின் எபெற்ஸ் மைதானத்திலே முதலாந் தளத்தில் வந்து நின்றார். அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட தடை அன்று நீங்கியது. அன்றைய ஆட்டத்தில் அவர் அடித்தவை பயனளிக்கவில்லை. ஆயினும் ஓர் ஓட்டம் பெற்றார். அவர் அணி வென்றது.

அவ்வாண்டில் அவர் பட்டவை பல. தம் அணியினருள்ளேயே சிலர் அவரோடு ஆட விரும்பாது விண்ணப்பம் எழுத முனைந்தனர். பிலடெல்பியா அணியின் பயிற்றுநரும் ஆட்டக்காரரும் இழிசொற்களை வீசினர். கொலை மிரட்டற் கடிதங்கள் வந்தன. அவர் வாய் திறக்கவில்லை. ஆண்டு முடிவிலே, தளந்திருடுதலில் 29 என்னும் எண்ணிக்கையோடு தம் சங்கத்தில் முதல்வராய் நின்று, அவ்வாண்டு முதன்முறையாக ஏற்பட்ட சிறந்த புதுமுக வீரர் விருதினைப் பெற்றார். 1949இல் தம் சங்கத்தின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவு செய்யப்பட்டார். 1962இற் பேஸ்போல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது.

பொறுமை மட்டுமா?

வள்ளுவர் பொறையுடைமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். றொபின்சனின் 1947ஆம் ஆண்டு அவ்வதிகாரத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு என நாம் மாணவர்க்குக் கூறலாம். ஆனால் அவ்வளவோடு நிறுத்துவோமாயின் அம்மனிதருக்கு அநீதி செய்தவராவோம்.

அவர் பொறுத்தது காலவரையறையோடு பொறுத்ததாகும். தம் ஆற்றலை ஐயமற நிலைநாட்டிய பின், 1949ஆம் ஆண்டளவிலே, அக்கட்டுப்பாட்டை நீக்கினார். அதன்பின் நடுவர் தவறினால் வாதாடினார். அநீதி கண்டவிடத்து வெளிப்படையாகப் பேசினார். அடங்கியிருந்த காலத்தில் அவரைப் போற்றியோருட் சிலர், அவர் பேசத் தொடங்கியதும் முகஞ் சுளித்தனர். 1956ஆம் ஆண்டோடு ஆட்டத்தினின்றும் ஓய்வு பெற்றபின், கறுப்பின மக்களின் சம உரிமைக்காக நிதி திரட்டினார், பத்திரிகைகளில் எழுதினார். 1964இல் நியூயோர்க் நகரத்து ஹார்லம் பகுதியில், கறுப்பின மக்கள் கடன் பெறத்தக்க வங்கியொன்றை நிறுவுதற்குத் துணை நின்றார்.

1972ஆம் ஆண்டு ஒக்தோபர் 15ஆம் நாள், இறுதித் தொடரின்போது மைதானத்தில் அவருக்குப் பாராட்டு நிகழ்ந்தது. நீரிழிவினாற் பார்வை குன்றி, தலைநரைத்து நின்ற அவர், நன்றி கூறியதோடு அமையாது, கறுப்பினத்தவர் ஒருவர் அணியொன்றை நெறிப்படுத்தும் நாளைத் தாம் காண விரும்புவதாகவும் கூறினார். ஒன்பது நாட் கழித்து, 53ஆம் வயதில், காலமானார். அவர் விரும்பிய நாள் 1975இல் வந்தது. கிளீவ்லாந்து அணியை நெறிப்படுத்தியவர் பிராங்க் றொபின்சன். பெயர் ஒற்றுமையன்றி இருவருக்கும் உறவில்லை.

எனவே இம்மனிதரிடம் நாம் காண்பது பொறுமை ஒன்றன்று. பொறுக்க வேண்டிய காலத்திற் பொறுத்தலும், பேச வேண்டிய காலத்திற் பேசுதலும், இரண்டனையும் பகுத்தறிதலுமே அவர் பெருமை. அவர் பெயராற் பரிசு நிறுவுவோர் இம்முழுமையை எவ்வாறு பேணுவது?

குடும்பத்தார் கண்ட வழி

அவர் மறைந்த மறு ஆண்டிலேயே, 1973இல், மனைவியார் றேச்சல் றொபின்சன் அவர் பெயராலே தருமநிதியொன்றைத் தாபித்தார். பண வசதி குறைந்த, திறமை மிக்க மாணவர்க்குப் பல்கலைக்கழகப் படிப்புக்கு உதவி வழங்குதல் அதன் நோக்கம். பணம் கொடுத்து விட்டுவிடாது, மாணவர்க்கு வழிகாட்டுதலும் தலைமைப் பயிற்சி அளித்தலும் சமூகத் தொண்டில் ஈடுபடுத்தலும் அத்திட்டத்தின் கூறுகள். பட்டம் பெறாது பல்கலைக்கழகத்தை விட்ட ஒருவரின் பெயர், பிறர் பட்டம் பெறுதற்குத் துணையாயிற்று.

1997இல், அவர் தடை நீக்கிய நிகழ்ச்சியின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு வந்தது. பேஸ்போற் சங்கத்தார் அவருடைய 42 என்னும் இலக்கத்தை எல்லா அணிகளிலும் ஓய்வுபெறச் செய்தனர். இனி எவ்வணியும் அதனைப் புதிதாக எவருக்கும் வழங்கலாகாது என விதித்தனர். அவ்விலக்கம் தாங்கிய இறுதி ஆட்டக்காரரும் 2013இல் ஓய்வு பெற்றார். இது சிறந்த மரியாதையே. ஆயினும் எண் பேசாது. சட்டையின் முதுகிற் காணும் எண் எதனைக் குறித்ததென்று பிள்ளைக்கு எடுத்துரைப்பவர் வேண்டும்.

அக்குறையை நிரப்பியவர் மகள் ஷரன் றொபின்சன். மருத்துவத் தாதியாகவும் கல்வியாளராகவும் பணியாற்றியவர். அவ்வாண்டிலேயே பேஸ்போற் சங்கத்தோடு இணைந்து, ‘தடைகளைத் தகர்த்தல்’ என்னும் பொருள்படும் பெயரோடு பாடசாலைத் திட்டமொன்றைத் தொடங்கினார். சிறுவர் நூல்களை வெளியிடும் ஸ்கொலாஸ்ரிக் நிறுவனத்தாரும் அதிற் பங்குகொண்டனர். தந்தையாரின் வாழ்க்கையை ஆராய்ந்து, அதனைத் தாங்கிநின்ற ஒன்பது பண்புகளை மகளார் வகுத்தார். அவை துணிவு, மனவுறுதி, விடாமுயற்சி, ஈடுபாடு, நேர்மை, நீதி, கூட்டுழைப்பு, குடிமைப் பண்பு, மேன்மை என்பன. ஓரணியில் ஆடுவோரும் ஒன்பதின்மர், பண்புகளும் ஒன்பது. இப்பட்டியலிலே நீதியும் குடிமைப் பண்பும் இடம்பெற்றமை காண்க. பொறுமையின் பெயரால் அடங்கிக் கிடத்தலை இப்பரிசு கற்பிக்கவில்லை.

நான்காம் வகுப்பு முதலாக இடைநிலை வகுப்பு வரையுள்ள மாணவர், தம் வாழ்விற் கண்ட தடையொன்றையும், இப்பண்புகளுள் எதனைத் துணைக்கொண்டு அதனை எதிர்கொண்டனர் என்பதையும் எழுதுதல் வேண்டும். நோய், உடற்குறை, பெற்றோரை இழத்தல், வறுமை, மொழி தெரியாத புதிய ஊர், சக மாணவரின் கேலி என, பிள்ளைகள் சுமப்பவை பெரியோர் எண்ணுவதினும் பல. வெற்றி பெறும் பிள்ளைக்கு மட்டுமன்றி, அப்பிள்ளையின் வகுப்பாருக்கும் மகிழ்ச்சியிற் பங்குண்டு. ஷரன் அம்மையார் தாமே பாடசாலைகளுக்குச் சென்று மாணவரைக் கண்டு உரையாடினார்.

ஆசிரியர் நோக்கில்

தமிழ் கற்பிக்கும் ஆசிரியராகிய நாம் இதனை நோக்கும்போது ஓருண்மை புலனாகின்றது. நம் வகுப்புகளிலே பழைய குடை தன் வரலாறு கூறுகின்றது. ஐந்து சதக் குற்றி தன் வரலாறு கூறுகின்றது. முறிந்த நாற்காலியும் கூறுகின்றது. எழுதும் பிள்ளையின் வரலாறு மட்டும் கூறப்படுவதில்லை. கற்பனைப் பயிற்சிக்கு அவை வேண்டியனவே. ஆயினும், பத்தாண்டு கல்வி கற்ற மாணவன் தன் நெஞ்சில் உள்ளதை நான்கு வாக்கியத்திற் சொல்லத் தெரியாது நிற்பானாயின், அவன் கற்ற மொழி அவனுக்கு இரவற் சட்டையே.

இங்கே ஒரு தடை கிளப்பலாம். பிள்ளையின் துன்பத்தைப் பரிசுக்கு உரியதாக்குதல் தகுமோ? யார் அதிகம் அழுதாரோ அவருக்கே பரிசு என்று ஆகிவிடாதோ? இவ்வையம் நியாயமானது. துயரை விலைப்பொருளாக்கும் பரிசு பரிசின்மையினும் தீது. ஆனால் இப்போட்டியின் வினாவைக் கூர்ந்து நோக்கின், அது புண்ணைக் காட்டுமாறு கேட்கவில்லை. புண்பட்டபோது எப்பண்பு உன்னைத் தாங்கியது எனக் கேட்கின்றது. முன்னைய வினா இரக்கத்தைத் தேடும். பின்னைய வினா ஆராய்ச்சியைத் தூண்டும். அவ்வாறாயினும், எழுத விரும்பாத பிள்ளையை எழுதுமாறு நெருக்குதலும், எழுதியதை அதன் இசைவின்றிப் பலர்முன் வாசித்தலும் ஆசிரியர் தவிர்க்க வேண்டியவை. நம்பிக்கையோடு நம் கையிலே தரப்பட்ட தாள் சிவப்பு மையால் மட்டும் திருத்தப்படுவதன்று.

இன்னொன்றும் உண்டு. முதலிடத்துக்கு வழங்கும் பரிசு முதலாமவனுக்கே உரியது. ஒரு வகுப்பில் நாற்பது பேரிருப்பின், முப்பத்தொன்பது பேர் கைதட்டி வீடு திரும்புவர். தடை கடந்தமைக்கு வழங்கும் பரிசோ, ஆண்டுத் தேர்வில் இறுதியில் நிற்பவனுக்கும் வாயிலைத் திறந்து வைக்கின்றது. அவனிடத்தும் சொல்லத்தக்கதொன்று உண்டு என்று பாடசாலை ஒப்புக்கொள்ளுகின்றது. அந்த ஒப்புதலே சிலருக்கு வாழ்நாள் முழுவதும் போதுமானதாகலாம்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

விழாக் காலங்களிலே அன்பர் பலர், தம் ஆசான் பெயரிலோ, பெற்றோர் பெயரிலோ, இளமையில் மறைந்த தோழர் பெயரிலோ கல்லூரிக்குப் பரிசு நிறுவ முன்வருவர். அது போற்றத்தக்க செயல். பணத்தைக் கொடுக்குமுன் அவர்கள் ஒரு கேள்வியைத் தம்முள் எழுப்புதல் நலம்: “இப்பெரியாரிடம் நாம் நேசித்தது அவர் பெற்ற வெற்றியையா, அவ்வெற்றிக்கு அடியில் நின்ற பண்பையா?” வெற்றியையே எனின், அதே துறையில் முதல்வருக்குப் பரிசு ஏற்படுத்துக. பண்பையே எனின், அப்பண்பு வெளிப்படுதற்குரிய வாயிலை ஆராய்ந்து காண்க. அது கட்டுரையாகலாம், தோழனைத் தாங்கிய செயலாகலாம், தோற்ற அணியின் தலைவன் நடந்துகொண்ட முறையாகலாம்.

றொபின்சனைப் போல ஓடவும் அடிக்கவும் கோடியில் ஒருவராலேயே இயலும். அவரைப் போலத் தடையின்முன் நின்று, பொறுப்பதா பேசுவதா எனத் தெளிந்து, தளராது நடத்தல் எவ்வகுப்பின் எப்பிள்ளைக்கும் இயலும். ஷரன் அம்மையார் தம் தந்தையாருக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் இவ்வுண்மையின் மேல் நிற்கின்றது. மட்டை பிடித்தறியாத சிறுமியொருத்தி, தான் கடந்துவந்த தடையைப் பற்றி எழுதி முடித்துத் தன் பெயரை அடியிலிடும்போது, அவர் பெயர் அங்கே மீண்டும் வாழ்கின்றது.